யாங்கோன் வீட்டில் மாத் ஆர்க்கிட் மறுபடி பூக்குமா?

சகோதரி, உங்கள் கேள்வியைச் சுருக்கமாக ஒருமுறை சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்த பெரிய வெள்ளைப் பூ மாத் ஆர்க்கிட் இரண்டு மாதத்துக்கு மேல் பூவோடு நின்றது, அப்புறம் உதிர்ந்துவிட்டது. யாங்கோனில் திங்கன்ஜுன் பகுதியில் மூன்றாவது மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி. இப்போது ஐப்பசி. இலைகள் தடிப்பாக, பச்சையாக இருக்கின்றன, புது இலைகூட வந்திருக்கிறது. பூத்தண்டு மட்டும் வரவில்லை. "என்ன உரம் போட்டால் பூக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பஜாரில் மலையிலிருந்து கட்டுக்கட்டாக வருகிற ஆர்க்கிட்டை வாங்கிச் சேர்க்க ஆரம்பிக்கலாமா என்பது இரண்டாவது கேள்வி. உரம் என்ற சொல் இருந்தாலும் நீங்கள் கேட்பது உரத்தைப் பற்றி இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. நம் ஊர் வெக்கையில் இந்தச் செடி வீட்டிலேயே திரும்பப் பூக்குமா, அல்லது பூ முடிந்ததும் தூக்கிப் போட வேண்டியதுதானா என்பதே உங்கள் கேள்வி. பூக்கும். ஆனால் அதற்கு உரத்தைவிட இடமும் மாதமும் முக்கியம்.

நான் மோல்மீன் பக்கத்து நாற்றுப்பண்ணைகளில் நெடுங்காலம் வேலை பார்த்தவன், இப்போது யாங்கோனில் வீட்டுத் தாழ்வாரத்தில் வளர்க்கிறேன். கீழ்பர்மாவின் மழையிலும் வெயிலிலும் பழகியதை வைத்துத்தான் எழுதுகிறேன். மேட்டு நிலத்திலோ, ஏசி ஓடுகிற கண்ணாடி வீட்டிலோ வளர்ப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கடையிலிருந்து வந்தபோது அதில் இருந்த பூ நம் ஊர்ச் சூட்டில் உண்டான பூ இல்லை. வியாபாரத்துக்கு வளர்க்கிறவர்கள் செடியை முதலில் 28 டிகிரிக்கு மேல் சூட்டிலேயே வைத்திருப்பார்கள். அந்தச் சூட்டில் இலை வளரும், பூத்தண்டு கிளம்பாது. செடி போதுமான அளவு பெரிதானதும் 25 டிகிரிக்கும் கீழே குளிர்ந்த இடத்துக்கு மாற்றிச் சில வாரம் வைப்பார்கள். அப்போதுதான் இலையின் கக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த மொட்டு விழித்துத் தண்டாகக் கிளம்பும். தைவானில் இதற்காகவே செடிகளை மலைக்கு ஏற்றியிருக்கிறார்கள். நம் நாட்டில் மேமியோவில் இந்தப் பூ அவ்வளவு சுலபமாக வருவதற்கும் காரணம் அந்த ஊர் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதுதான். அங்கே இருப்பவர்களுக்கு ஏதோ கைராசி என்று நினைக்க வேண்டாம்.

யாங்கோனில் மார்கழி, தை இரவுகளில் 18 டிகிரி அளவுக்கு இறங்கும். அதனால் "ராத்திரி பனியில் வைங்க, பூத்துடும்" என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மைதான். ஆனால் பகலில் அதே பால்கனி 32 டிகிரிக்கு ஏறிவிடுகிறதே! அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2006இல் வெளியான ஓர் ஆய்வில் இதை நேராகச் சோதித்தார்கள். இரவில் நன்றாகக் குளிர வைத்தும், பகலில் 29 டிகிரி கொடுத்த செடிகளில் பூத்தண்டு வருவது தடைப்பட்டது. பகலைக் குளிர்ச்சியாக வைத்த செடிகள் தண்டு விட்டன. அந்த ஆய்வு சில கலப்பினங்களில்தான் நடந்தது, எல்லா வகைக்கும் அதே எண் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நான் பார்த்துவந்ததும் அதுவேதான். ராத்திரி பூராவும் பனியில் நின்று, காலை ஒன்பது மணியிலிருந்து சிமெண்ட் சுவரின் அனலில் வேகிற செடி சும்மா நிற்கிறது. வீட்டுக்குள் வடக்கு ஜன்னல் ஓரத்தில் இருந்த அதன் ஜோடி தண்டு விடுகிறது.

ஆகவே இப்போதே செய்ய வேண்டியது இதுதான். ஒரு சாதாரண வெப்பமானி வாங்குங்கள். கார்த்திகை பிறந்ததும் வீட்டில் எந்த மூலை மத்தியானம் இரண்டு மணிக்கும் 27ஐத் தாண்டாமல் இருக்கிறது என்று சில நாள் அளந்து பாருங்கள். மூன்றாவது மாடிக் கிழக்குப் பால்கனி தேறுவது கஷ்டம். வடக்கு ஜன்னலோ, எதிர்க் கட்டடத்தின் நிழல் விழும் பக்கமோ தேறலாம். தரையில் தட்டு வைத்து, கூழாங்கல் பரப்பி, தண்ணீர் ஊற்றி, அந்தக் கல்லின் மேல் தொட்டியை வையுங்கள். தொட்டியின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது. பக்கத்தில் காற்று அசைய வேண்டும், மின்விசிறி இருந்தால் நல்லது. ஏசி அறையில் வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிற ஊரில் அதை நம்பித் திட்டம் போட முடியாது, மேலும் ஏசி காற்று நேராகப் பட்டால் மொட்டு காய்ந்துவிடும். குளிர்ச்சி தேடுகிறோம் என்று இருட்டுக்குள் தள்ளிவிடாதீர்கள், வெளிச்சம் குறைந்தால் குளிர் இருந்தும் தண்டு வராது. இலையே உங்களுக்குச் சொல்லிவிடும்: கரும்பச்சையாக, நீண்டு தொங்கினால் வெளிச்சம் போதவில்லை. ஓரம் சிவந்தால் அதிகம். வெளிர்பச்சையாக, கொஞ்சம் நிமிர்ந்து இருந்தால் சரி.

இப்படி நாலைந்து வாரம் போனால் இலைக்கு அடியிலிருந்து ஒரு நுனி எட்டிப் பார்க்கும். அது வேரா தண்டா என்பதில்தான் புதிதாக வளர்ப்பவர்கள் எல்லோரும் தடுமாறுவார்கள். வேரின் நுனி உருண்டையாக, வழவழவென்று இருக்கும். தண்டின் நுனி ஒரு பக்கம் சற்றுத் தட்டையாக, கட்டைவிரல் ஒட்டிய சின்னக் கையுறைபோல் இருக்கும், பெரும்பாலும் மேல்நோக்கித் திரும்பும். தண்டுதான் என்று உறுதியானதும் தொட்டியைத் திருப்பாதீர்கள். வெளிச்சம் வரும் திசையை வைத்துத்தான் பூக்கள் முகம் அமைத்துக்கொள்ளும், இடையில் திருப்பினால் ஆளுக்கொரு திசை பார்க்கும். தண்டு தலைகாட்டியதிலிருந்து பூ விரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆக மாசி, பங்குனியில் பூ. அந்த நேரத்தில் வெயில் ஏறத் தொடங்கும், மொட்டு மஞ்சளாகி உதிரும் ஆபத்தும் அப்போதுதான். பழுக்கிற பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வரும், மொட்டை உதிர்ப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சாமி அறையில் அழகுக்கு வைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். வாழைப்பழச் சீப்புக்கும் சாம்பிராணிப் புகைக்கும் பக்கத்தில் மொட்டுவிட்ட செடி வேண்டாம்.

பழைய தண்டை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். காய்ந்து பழுப்பாகிவிட்டதென்றால் அடியோடு வெட்டுங்கள். பச்சையாக இருந்தால் கீழிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது கணுவுக்கு மேல் வெட்டினால் சில சமயம் கிளைத்துப் பூக்கும். ஆனால் இலை மூன்றே இருக்கிற சின்னச் செடியில் அந்த ஆசை வேண்டாம், செடி இளைத்துப்போகும்.

இனி தண்ணீர். நம் ஊரில் மாத் ஆர்க்கிட் தாகத்தால் சாவது அபூர்வம், அழுகித்தான் சாகிறது. யாங்கோனில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை, மோல்மீனில் 4,500க்கும் மேல். அதில் பெரும்பகுதி வைகாசியிலிருந்து ஐப்பசிக்குள் கொட்டித் தீர்க்கிறது. காட்டில் இந்தச் செடி மரத்தில் சாய்ந்து, தலை கீழ்நோக்கித் தொங்கும். எவ்வளவு மழை பெய்தாலும் குருத்தில் தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும். நாம்தான் அதைத் தொட்டியில் நிமிர்த்தி வைக்கிறோம். அப்போது நடுக்குருத்து ஒரு கிண்ணமாகி, ஒரு ராத்திரி தேங்கிய தண்ணீரே பாக்டீரியா அழுகலைக் கொண்டுவந்துவிடும். முதலில் தண்ணீர் ஊறிய மாதிரி ஒரு புள்ளி, மறுநாள் இலை முழுக்கக் கூழ், நாற்றம். அதனால் மழைக்காலம் முழுவதும் கூரைக்குக் கீழே வையுங்கள், தொட்டியைச் சற்றுச் சாய்த்து வையுங்கள். காலையில் மட்டும் தண்ணீர் விடுங்கள். குருத்தில் துளி நின்றால் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். அழுகல் தொடங்கிவிட்டால் நல்ல திசு தெரியும்வரை கத்தியால் வெட்டி எடுப்பதுதான் நிச்சயமான வழி, அதுவும் நடுக்குருத்துக்குள் போவதற்கு முன்னால்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் என்று நாள் கணக்குக் கேட்காதீர்கள், வேரைப் பாருங்கள். வெள்ளி நிறத்தில் இருந்தால் காய்ந்திருக்கிறது, பச்சையாக இருந்தால் இன்னும் ஈரம். வேரைச் சுற்றியிருக்கும் பஞ்சு போன்ற உறை தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், அது காய்ந்து மூச்சுவிட நேரம் வேண்டும். இதைப் பார்க்க வசதியாகத்தான் கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் தொட்டியில் விற்கிறார்கள். உங்கள் செடியின் தொட்டிக்குள் மண்ணுக்குப் பதிலாக ஸ்பேக்னம் என்ற பஞ்சு போன்ற பாசியை இறுக்கி அடைத்திருப்பார்கள் என்று சந்தேகிக்கிறேன். கடைச் செடிகளில் பெரும்பாலும் அப்படித்தான். ஏசி கண்ணாடி வீட்டில் அது நல்ல நடவு ஊடகம். ஆடி மாத ஈரத்தில் அதன் நடுப்பகுதி காயவே காயாது, வெளியே இலை நன்றாக இருக்கும்போதே உள்ளே வேர் செத்துக்கொண்டிருக்கும். இதை மட்டும் படத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. பூ இல்லாத இந்த நேரத்தில் ஒருமுறை தொட்டியிலிருந்து மெதுவாக உருவிப் பாருங்கள். விரலால் அழுத்தினால் கெட்டியாக இருப்பது உயிருள்ள வேர். நசுங்கி, தோல் உரிந்து நார் மட்டும் மிஞ்சுவது செத்தது, வெட்டிவிடலாம்.

மாற்றி நடும்போது நம் ஊரில் கிடைப்பதே போதும். அடுப்புக்கரியைக் கட்டைவிரல் அளவுக்கு உடைத்து, தூள் போகக் கழுவி, அதே அளவு தேங்காய் மட்டைத் துண்டுகளோடு கலந்துகொள்ளுங்கள். மட்டையைச் சில நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, உப்பையும் கறையையும் போக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் வேர் நுனி கருகும். கரி அழுகாது, மட்டை இரண்டு வருடத்தில் மக்கும், அப்போது மறுபடி மாற்றுங்கள். மண் ஒரு கைப்பிடிகூட வேண்டாம். தண்ணீருக்கு மழைநீரைப் பிடித்து வைத்தால் அதைவிட நல்லது இல்லை. குழாய்க்கிணற்றுத் தண்ணீர் தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் படிந்தால் மாதம் ஒரு முறையாவது மழைநீரால் நன்றாக அலசிவிடுங்கள்.

உரத்துக்கு வருகிறேன். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 20-20-20 தூளை லிட்டருக்கு அரை கிராம் கரைத்து, புது இலையும் வேரும் வளரும் மாதங்களில் வாரம் ஒருமுறை, ஏற்கெனவே நனைந்த வேரில் விடுங்கள். இது போதும். பூக்க வைக்கும் உரம் என்று பாஸ்பரஸ் அதிகம் போட்டு விற்பதால் பூ வரும் என்பதற்கு எனக்கு நம்பிக்கை இல்லை, தண்டைக் கிளப்புவது குளிர்ச்சிதான். அரிசி கழுவின தண்ணீரைப் பற்றி நம் வீடுகளில் பெரிய நம்பிக்கை உண்டு. மல்லிகைக்கும் கறிவேப்பிலைக்கும் அதை விடுகிற பழக்கம் நல்லதாகவே இருக்கலாம். கரியும் மட்டையும் உள்ள தொட்டியில் அந்த மாவு புளித்து எறும்பையும் சின்ன ஈயையும் கூட்டுவதைத்தான் பார்த்திருக்கிறேன். இலவங்கப்பட்டைத் தூள் வெட்டிய இலையின் காயத்தைக் காயவைக்கும், ஆனால் வேரில் பட்டால் வேரையும் காயவைத்துவிடும். வாரம் மூன்று ஐஸ்கட்டி வைக்கும் முறையைச் சிலர் கேலி செய்வார்கள். ஒஹாயோ, ஜார்ஜியா பல்கலைக்கழகங்களில் செய்து பார்த்து செடிக்குக் கெடுதல் இல்லை என்றே 2017இல் எழுதினார்கள். அது வறண்ட, சூடேற்றிய அறைகளில் தண்ணீர் அதிகம் ஊற்றிக் கொல்பவர்களுக்கான அளவுமுறை. நமக்கு அதனால் லாபம் எதுவும் இல்லை.

சரி, இரண்டாவது கேள்வி. இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்: அந்தக் கட்டுகளை வாங்காதீர்கள். மரப்பட்டை ஒட்டியபடி, வேர் அறுந்து, இலையில் பாசியும் பூச்சி கடித்த தழும்புமாக, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கிறதென்றால் அது காட்டிலிருந்து பிய்த்து வந்தது. நாற்றுப்பண்ணைச் செடிகள் ஏறக்குறைய ஒரே அளவாக, முழு வேரோடு இருக்கும். பிய்த்து வந்ததில் பல செடிகள் அடுத்த வெயிலைத் தாண்டுவதில்லை. சட்டத்தையும் சொல்கிறேன். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, பாஃபியோபெடிலம் என்ற செருப்புப்பூ வகை இன்னும் கடுமையான முதல் பட்டியலில். நம் நாடு 1997இலிருந்து அதில் உறுப்பு. உரிய அனுமதி இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுபோனால் சிக்கல்தான்.

இதில் எனக்கு மனசு வலிக்கிற காரணம் வேறு. நாம் கடையில் வாங்குகிற வெள்ளைப் பூவின் உறவுக்காரர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மோல்மீனைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகள் ஃபலெனாப்சிஸ் லோவியை என்ற சின்னச் செடியின் வீடு (ஃபலெனாப்சிஸ் என்பது மாத் ஆர்க்கிட் இனத்தின் அறிவியல் பெயர்). வெள்ளையில் இளஞ்சிவப்பு ஓடிய பூ, ஊதா உதடு, நீண்ட மூக்கு. மழையில் தழைத்துப் பூத்து, வறட்சி வந்தால் இலையையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் பச்சை வேரால் கல்லில் ஒட்டி உயிர் வாழும். உலகத்துக்கு அது 1862இல் விவரிக்கப்பட்டது. மூன்று வருடம் கழித்து ஃபலெனாப்சிஸ் பாரிஷியை என்ற இன்னொன்றும் பெயர் பெற்றது, 1850களில் மோல்மீனுக்குப் பாதிரியாராக வந்து இந்தக் காடுகளில் ஆர்க்கிட் தேடித் திரிந்த சார்லஸ் பாரிஷின் பெயரால். குன்றுகள் சிமெண்ட்டுக்காக உடைபடுகிற காலம் இது. மிச்சம் இருப்பதை நாமும் பிடுங்கினால் கல் மட்டுமே மிஞ்சும். அதோடு, உதிர்ந்த இலையைப் பார்த்து செத்துவிட்டது என்று குப்பையில் போட்டவர்களையும், பிழைக்கட்டும் என்று வறட்சி மாதத்தில் தண்ணீர் ஊற்றி உண்மையாகவே சாகடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். முதல் செடியாக இது வேண்டாம்.

சேர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நம் வெக்கையை விரும்புகிற வகைகள் இருக்கின்றன, விதையிலிருந்து குடுவையில் வளர்த்தவை. ஆர்க்கிட் விதை தூசி போன்றது, உள்ளே சேமித்த உணவு கிடையாது, காட்டில் ஒரு பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும். சர்க்கரை கலந்த ஊடகத்தில் பூஞ்சை இல்லாமலே முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்கர் நட்சன் 1922இல் காட்டியதால்தான் இன்று காட்டைத் தொடாமல் செடி வாங்க முடிகிறது. நான் சொல்லும் வரிசை இது: முதலில் ஃபலெனாப்சிஸ் புல்கெரிமா, பழைய ஆட்கள் டோரிட்டிஸ் என்பார்கள். பர்மாவிலும் இயற்கையாக வளர்வது, வெயிலைத் தாங்கும், குளிர்ச்சிக்காகக் காத்திருக்காது. அதன் ரத்தம் கலந்த கலப்பினங்களும் கடைக் கலப்பினங்களைவிட நம் சூட்டில் பூப்பதில் தாராளம். அடுத்து ஃபலெனாப்சிஸ் கொர்னு-செர்வி. மஞ்சள்பச்சையில் செம்பழுப்புக் கோடு போட்ட மெழுகுப் பூ. ஒரே தட்டைத் தண்டில் வருடக்கணக்காகத் தொடர்ந்து பூக்கும் என்பதால் அந்தத் தண்டை வெட்டவே கூடாது. மணம் வேண்டுமென்றால் போர்னியோவின் ஃபலெனாப்சிஸ் பெல்லினா. வெயில், மழை மாதங்களில்தான் பூக்கும், நிழலும் ஈரக்காற்றும் கொடுத்தால் போதும். இந்த மூன்றும் நன்றாக நின்ற பிறகு பெரிய பூக்காரர்களைச் சேர்த்தால், வருடத்தில் பெரும்பாலான மாதங்களில் ஏதாவது ஒன்று பூத்திருக்கும்.

செடி எண்ணிக்கை கூடும்போது வருகிற ஆபத்து வைரஸ். சிம்பிடியம் மொசைக் என்ற வைரஸ் கத்தியில் ஒட்டிய சாற்றோடு ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும், மருந்து கிடையாது. இலையில் திட்டுத்திட்டாக வெளுப்பு தெரிந்தாலே வைரஸ் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிலந்திப்பேனும் வெயில் தழும்பும் அதே மாதிரிக் காட்டும், சோதனை இல்லாமல் கண்ணால் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது, என்னாலும்தான். செய்யக்கூடியது ஒன்றே: ஒவ்வொரு செடியை வெட்டிய பிறகும் கத்தியை நெருப்பில் காட்டி ஆறவைத்து அடுத்ததைத் தொடுங்கள். புதிதாக வாங்கியதை ஒரு மாதமாவது தனியாக வையுங்கள். இலைக் கக்கத்திலும் அடியிலும் வெள்ளைப் பஞ்சாக மாவுப்பூச்சி இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள், இருந்தால் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து எடுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடியும். ராத்திரி டார்ச் அடித்து நத்தையையும் தேடுங்கள், மழைக்காலத்தில் ஒரே இரவில் வேர் நுனி முழுவதையும் அது தின்றுவிடும்.

உங்கள் செடியை உருவிப் பார்த்துவிட்டு வேரின் படத்தையும், கார்த்திகையில் அளந்த மத்தியான வெப்ப எண்களையும் இதே கேள்விக்குக் கீழே போடுங்கள். தொட்டியை எங்கே மாற்றுவது என்று அதை வைத்துத் திட்டமாகச் சொல்கிறேன்.